கேவிட்டி சுவரில் ஜன்னலும் கதவும்: இடைவெளியை ஓரத்தில் எப்படி மூடுவது? (பெங்களூரு, மேற்குப் பக்க அறை)

#1 மேற்குஅறை
வணக்கம். ராமமூர்த்தி நகரில் பழைய வீட்டோடு சேர்த்து, மேற்குப் பக்கம் தரைத்தளத்தில் 12 × 14 அடி அறை கட்டுகிறோம். பழைய வீடு 9 இஞ்ச் செங்கல். புது அறை மட்டும் வெயிலுக்காகக் கேவிட்டி சுவர். உள்ளே 6 இஞ்ச் சாலிட் பிளாக், மேல் ஸ்லாப் அதன் மேல்தான் உட்காரும். அடுத்து 2 இஞ்ச் இடைவெளி. வெளியே 4 இஞ்ச் மாலூர் வயர்கட் செங்கல், பூச்சு கிடையாது, பாயிண்டிங் (மூட்டுகளுக்கு மட்டும் சாந்து) மட்டும். மொத்தம் 300 மி.மீ.

மேற்கில் இரண்டு யுபிவிசி ஜன்னல், 1200 × 1350. தோட்டத்துப் பக்கம் 1050 × 2100 மரக்கதவு ஒன்று. பழைய வீட்டிலிருந்து உள்ளே வர ஒரு வழி. சுவர் சில் (ஜன்னலின் அடி) மட்டத்துக்கு வந்துவிட்டது.

ஜன்னல் ஓரத்தில் இடைவெளியைச் செங்கல் துண்டும் சாந்தும் போட்டு அடைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. ஓட்டை மட்டும் விடுங்கள், மிச்சத்தை ஃபோம் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் யுபிவிசிக்காரர். எது சரி?

#2 தூக்குக்குண்டு
இரண்டுமே வேண்டாம் சார்.

கேவிட்டி சுவர் கட்டுவதே, வெளிச்சுவர் நனையத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டுதான். பூசாத செங்கல்லில் சாய்மழை அடித்தால் மூட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, வெளிச்சுவரின் பின்முகத்தில் வழிந்து, கீழே கசிவுத்துளையில் வெளியே போகும். சுவரின் நடுவில் இது தானாக நடக்கும். ஜன்னல் வருகிற இடத்தில்தான் இரண்டு சுவரும் ஒன்றை ஒன்று தொடும். மேலே லிண்டலில் (ஓட்டைக்கு மேல் உள்ள உத்தரம்), பக்கவாட்டில் ஜாம்பில் (ஓட்டையின் பக்க முகம்), கீழே சில்லில். தொட்ட இடமெல்லாம் தண்ணீருக்குப் பாலம். மேஸ்திரி சொல்கிற செங்கல் துண்டு அந்தப் பாலத்தைக் கையாலேயே கட்டிக் கொடுக்கிறது. முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மழையில் உள்பூச்சில் ஜன்னலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு உப்புப் பூக்கும். எல்லோரும் ஜன்னலைத்தான் குறை சொல்வார்கள், சிலிகான் மேல் சிலிகான் அடிப்பார்கள்.

ஃபோம் இடத்தை நிரப்பும், கொஞ்சம் வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் அது நீர்த்தடுப்பு இல்லை. வெயில் பட்டால் பொடிந்து போகும்.

செய்ய வேண்டியது: இடைவெளியின் ஓரத்தை 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (கெட்டியான ஃபோம்) பலகைத் துண்டால் மூடுங்கள். அந்தத் துண்டுக்கும் வெளிச்செங்கல்லுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு நீர்த்தடுப்புப் பட்டை ஓட வேண்டும். வெளிநாட்டில் இதற்கு ரெடிமேடாக கேவிட்டி குளோசர் விற்கிறார்கள். இங்கே கடையில் கேட்டால் விழிப்பார்கள், நாமே வெட்டிக்கொள்வது சுலபம். 1250 × 600 பலகையை 75 மி.மீ. அகலத்துக்கு அறுத்தால் 8 துண்டு, ஆக 10 மீட்டர். ஒரு ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் அடியும் சேர்த்து சுமார் 4 மீட்டர்தான். இரண்டு ஜன்னல், ஒரு கதவுக்கு இரண்டு பலகை வாங்கினால் போதும், மீதமும் இருக்கும்.

பட்டைக்கு, பின்னால் ஒட்டும் பசை உள்ள 1.5 மி.மீ. பிட்டுமன் மெம்பிரேன் ரோல் வாங்குங்கள். மொட்டை மாடிக்குச் சூடு காட்டி ஒட்டுகிற 3 மி.மீ. ஏபிபி ஷீட் மூலையில் மடங்காது, மடக்கினால் விரிசல் விடும்.

#3 செங்கல்சூளை
வரிசையை விட்டுவிட்டீர்களே. கீற்று வேய்கிற மாதிரிதான்: கீழிருந்து மேலே. முதலில் சில் பட்டை. அதன் மேல் பக்கவாட்டுப் பட்டை வந்து 100 மி.மீ. போர்த்த வேண்டும். கடைசியாக லிண்டல் பட்டை இரண்டு பக்கத்தின் மேலும் போர்த்த வேண்டும். எங்கேயாவது ஒரு இடத்தில் கீழ்ப் பட்டை மேல் பட்டைக்கு முன்னால் வந்துவிட்டால், வழிகிற தண்ணீர் நேராக உள்ளே போகும். பட்டையே போடாததைவிட அது மோசம்.

டை கம்பி (இரண்டு சுவரையும் பிணைக்கிற கம்பி) பற்றியும் ஒன்று. சுவரின் நடுவில் கிடையாக 900, உயரத்தில் 450 என்று மாற்றி மாற்றி வைத்தால் சதுர மீட்டருக்கு இரண்டரை டை வரும். ஜன்னல், கதவு ஓரத்தில் அது போதாது. ஓரத்திலிருந்து 225 மி.மீ.க்குள், உயரத்தில் 300க்கு ஒன்று வேண்டும். இங்கேதான் சிக்கல். பிளாக் வரிசை சாந்தோடு 210, செங்கல் வரிசை 84. ஐந்து செங்கல் வரிசைக்கு இரண்டு பிளாக் வரிசை, அதாவது 420ல்தான் இரண்டு மட்டமும் சேரும். இடையில் டை வைக்கப் பார்த்தால் கொத்தனார் கம்பியைச் சரித்துச் சொருகுவார். உள்பக்கம் சரிந்த டை தண்ணீரைக் கையைப் பிடித்து உள்சுவருக்குக் கூட்டிப் போகும்.

ஓரத்துக்கு மட்டும் எல் வடிவ எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) டை வாங்கி, பிளாக்கின் வெளிமுகத்தில் நைலான் பிளக் போட்டுத் திருகுங்கள். எந்த உயரத்திலும் திருகலாம். மூன்று செங்கல் வரிசைக்கு ஒன்று என்றால் 252 மி.மீ., சரியாக வரும். ஒரு ஜன்னலுக்குப் பக்கத்துக்கு 5, ஆக 10.

#4 அல்சூர்வாசி
ஊர் முழுக்க 6 இஞ்ச் பிளாக்கில் நேராக ஜன்னலை மாட்டி, சுற்றிப் பூசி விடுகிறார்கள். எங்கே ஒழுகுகிறது? நாம் கட்டுவது பெங்களூரில், சிரபுஞ்சியில் இல்லை. இரண்டடி சன்ஷேட் இருந்தால் போதும். இவ்வளவு பட்டையும் டையும் தேவையா?

#5 தூக்குக்குண்டு
நியாயமான கேள்வி. அந்த 6 இஞ்ச் சுவரைக் காப்பது பூச்சும் பெயிண்டும். தண்ணீரை வெளி முகத்திலேயே நிறுத்திவிடுகிறது. இங்கே பூச்சே இல்லை. தண்ணீர் 4 இஞ்ச் உள்ளே வரும் என்று தெரிந்தே கட்டுகிறோம். அதனால் அந்த ஒப்பீடு பொருந்தாது. பூசி பெயிண்ட் அடிக்கப் போகிறார் என்றால் நானும் பாதியை விட்டுவிடச் சொல்வேன்.

சன்ஷேட் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. லிண்டலையும் ஜாம்பின் மேல் பாதியையும் அது காக்கும். ஆனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து. மேற்குச் சுவரில் மழை சாய்ந்து விழும், சில் நனையாமல் இருக்காது.

#6 கண்ணாடிக்கதவு
யுபிவிசி தயாரிப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஃபிரேமைச் சுவரின் கனத்தில் எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அதை யாரும் கேட்பதே இல்லை, ஆள் வந்து நின்ற பிறகு "நடுவில் வை" என்பார்கள்.

வெளிமுகத்தை 0 என்று வையுங்கள். செங்கல் 0–100, இடைவெளி 100–150, பிளாக் 150–300. ஃபிரேம் ஆழம் 60. "நடுவில்" வைத்தால் 120–180. ஃபிரேம் வழியாகத் திருகு போட்டால் அது 150ல் விழும், பிளாக்கின் விளிம்பு உடையும். கொஞ்சம் வெளியே தள்ளினால் திருகு எக்ஸ்பிஎஸ் துண்டுக்குள் போகும். அங்கே அது எதையும் பிடிக்காது. கையால் ஆட்டினால் ஜன்னல் ஆடும்.

இந்தச் சுவருக்கு ஃபிரேம் 100–160ல் நிற்கட்டும். செங்கல்லுக்கு ஒட்டிப் பின்னால், இடைவெளியை முழுக்க மூடியபடி, பிளாக் மேல் 10 மி.மீ. ஏறி நிற்கும். வெளிச் செங்கல் ஓட்டையை உள் ஓட்டையைவிடப் பக்கத்துக்கு 25 மி.மீ. குறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். உள் ஓட்டை 1220, வெளி ஓட்டை 1170, ஃபிரேம் 1200. செங்கல் ஃபிரேமைப் பக்கத்துக்கு 15 மி.மீ. முன்னால் மறைக்கும். மழை நேராக மூட்டுக்குள் அடிக்க முடியாது. 15க்கு மேல் மறைக்க வேண்டாம், வெளியே திறக்கிற ஷட்டர் (ஜன்னல் கதவு) செங்கல்லில் இடிக்கும். அடியில் மறைப்பு கூடவே கூடாது: ஃபிரேமின் கீழ் முகத்தில் தண்ணீர் வெளியேறும் நீள் துளைகள் இருக்கின்றன, அவை அடைபட்டால் தண்ணீர் அறைக்குள் நிரம்பும். ஜன்னலை உள்ளிருந்துதான் ஏற்ற முடியும் என்பதையும் ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிடிமானத்துக்குத் திருகு வேண்டாம், பட்டை கிளிப். 150 × 25 × 1.5 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு). ஒரு முனை ஃபிரேமின் முதுகில், மறுமுனை மடங்கி உள் பிளாக்கின் ஜாம்ப் முகத்தில். பிளாக் விளிம்பிலிருந்து 40 மி.மீ. தள்ளி முதல் 8 மி.மீ. பிளக், அடுத்தது இன்னும் 40 தள்ளி. மூலையிலிருந்து 150 மி.மீ.யில் ஒன்று, இடையில் 600க்கு மேல் இடைவெளி கூடாது. 1350 உயரத்துக்கு 150, 675, 1200 என்று மூன்று. 1200 அகலத்துக்கும் மூன்று. ஒரு ஜன்னலுக்கு 12 கிளிப், 24 பிளக். பூச்சு அவற்றை மறைத்துவிடும்.

#7 மேற்குஅறை
அருமை. ஓட்டையைவிட ஃபிரேம் 20 மி.மீ. சின்னது என்றால் பக்கத்துக்கு 10 மி.மீ. சந்து வரும். அது அதிகம் இல்லையா? மேஸ்திரி இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்கிறார்.

#8 கண்ணாடிக்கதவு
இறுக்கம் மர நிலைக்குச் சரி, யுபிவிசிக்குக் கூடாது. மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.07 மி.மீ. விரியும். காலை 18 டிகிரி, ஏப்ரல் பிற்பகலில் மேற்குச் சுவரில் ஃபிரேமின் மேல்தோல் 55 வரை போகிறது என்று வைத்தால், 1.2 மீட்டருக்கு 3 மி.மீ. வருகிறது. நிறம் ஏறிய ஃபிரேம் என்றால் இன்னும் சூடாகும். அலுமினியம் இதில் மூன்றில் ஒரு பங்குதான். சாந்தில் இறுக்கிவிட்டால் ஃபிரேம் வில் மாதிரி வளையும், பூட்டு வரிசை விலகும், சாந்தும் முடி விரிசல் விடும்.

5 மி.மீ. கூட ஏட்டில் சரிதான். ஆனால் கொத்து வேலை 3 மி.மீ. துல்லியத்தில் வருவது அபூர்வம், அதனால் 10. அளவு எடுக்கும்போது அகலம் மேல், நடு, கீழ் என மூன்று இடம், உயரமும் மூன்று இடம். அதில் சின்ன அளவிலிருந்து 20 கழியுங்கள். மூலைவிட்டம் இரண்டுக்கும் வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போனால் ஆர்டர் கொடுக்க வேண்டாம், முதலில் ஓட்டையைச் சரி செய்யுங்கள். ஓட்டை கட்டி முடிந்த பிறகுதான் இறுதி அளவு. கட்டட வரைபடத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு ஜன்னலுக்காகச் சுவரைச் செதுக்குவது இந்த ஊரில் தினமும் நடக்கிறது.

ஷட்டர் தொங்குவது பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைச் சும்மா சட்டத்தில் வைத்து பீடிங் அடித்தால் ஆறு மாதத்தில் பூட்டுப் பக்கம் 3, 4 மி.மீ. இறங்கும். கீல் பக்கம் அடி மூலையிலும், பூட்டுப் பக்கம் மேல் மூலையிலும் பேக்கர் (சின்ன பிளாஸ்டிக் ஆப்பு) திணித்து, கண்ணாடியையே குறுக்குத் தாங்கியாக ஆக்க வேண்டும். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, அது வேலை செய்யட்டும்.

#9 தச்சுப்பட்டறை
கதவு நிலைக்கு வருகிறேன். 5 × 3 இஞ்ச் நிலை என்றால் ஆழம் 125. அதையும் 100லிருந்து தொடங்கி 225ல் முடியுங்கள். இடைவெளியை மூடி, 75 மி.மீ. பிளாக் மேல் உட்காரும். சுவர் ஏறிவிட்டதால் ஹோல்ட்பாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கிற இரும்புப் பட்டை) பதிக்க உடைக்க வேண்டாம். 10 × 140 ஃபிரேம் பிளக் போதும்: 75 மரத்தில், 65 பிளாக்கில். துளை நிலையின் வெளி விளிம்பிலிருந்து 90 மி.மீ. உள்ளே வரட்டும். அப்போது பிளாக் விளிம்பிலிருந்து 40 மி.மீ. கிடைக்கும். கதவு உள்பக்கம் திறக்கிறது என்றால் அந்தத் துளை கதவு உட்காரும் காடிக்குள்ளேயே விழும், மூடினால் தெரியாது. பக்கத்துக்கு நான்கு: மேலிருந்து 200, கீழிருந்து 200, இடையில் இரண்டு. கீல் வருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக் இருக்கும்படி பாருங்கள்.

ஒருவேளை ஹோல்ட்பாஸ்ட்தான் வேண்டும் என்றால், அதைச் சுற்றிப் போடுகிற கான்கிரீட் உள்சுவரோடு நிற்க வேண்டும். இடைவெளிக்குள் வழிந்து வெளிச் செங்கல்லைத் தொட்டுவிட்டால் மறுபடியும் அதே பாலம்தான், அதுவும் இரும்போடு.

மரம் மைசூர் ரோடு டிம்பர் யார்டில் ஹொன்னே கிடைக்கும் (நம் பக்கம் வேங்கை). சால் மலிவு, ஆனால் காயாத சால் முறுக்கும். மேற்கு வெயிலுக்கு எதிரில் வேண்டாம். நிலையின் முதுகுக்கு, சுவரில் வைப்பதற்கு முன்பே, இரண்டு கோட் பிரைமர். பொருத்திய பிறகு முதுகுக்கு எந்த பிரஷும் எட்டாது. காலைத் தரை கான்கிரீட்டில் புதைக்காதீர்கள், கிரானைட் துண்டின் மேல் நிற்கட்டும். மண்ணிலிருந்து கேவிட்டி இடைவெளி வழியாகக் கரையான் ஏறினால் வெளியிலிருந்து மண்தடம் கண்ணுக்கே படாது.

உள்பக்கம் திறக்கும் வெளிக்கதவின் பலவீனம் அடிப்பக்கம். கதவின் வெளிமுகத்தில் அடியில் சரிவான நீர்விரட்டிப் பட்டை ஒன்றும், வாசற்படிக் கிரானைட்டில் வெளிப்பக்கச் சரிவும் வேண்டும். வெளித்தளம் படியைவிட 100 முதல் 150 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும். அழகுக்காக ஒரே மட்டமாகப் போட்டுவிட்டு நாளைக்கு வராதீர்கள்.

#10 மேற்குஅறை
சில் கல் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜிகனியில் 18 மி.மீ. கிரானைட் சொல்லியிருக்கிறேன். உள்ளேயிருந்து வெளியே வரை ஒரே கல்லாக, 350 அகலம்.

#11 தூக்குக்குண்டு
ஆர்டரை நிறுத்துங்கள் சார். ஒரே கல் என்றால் வெளியே நனைந்த கல்லின் அடியில் தண்ணீர் ஊர்ந்து உள்ளே வரும். மேல்முகத்தில் சிலிகான் இருந்தும் பயன் இல்லை.

இரண்டு கல் ஆக்குங்கள். வெளிக்கல் 210 அகலம்: 50 சுவருக்கு வெளியே நீட்டம், 100 செங்கல் மேல், 60 ஃபிரேமுக்கு அடியில். சரிவு 150க்கு 10 மி.மீ. நீட்டத்தின் அடியில், விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி, 8 மி.மீ. அகலத்தில் நீர்வடி காடி அறுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் ஒரு ஓட்டம்தான், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். காடி இல்லாத கல் வெறும் அலங்காரம். தண்ணீர் அடியோடு ஒட்டிப் போய்ச் செங்கல்லைத்தான் நனைக்கும்.

இந்தக் கல்லுக்கு அடியில்தான் சில் பட்டை. அகலம் 300 போதும். நீளம் 1500, அதாவது ஓட்டைக்கு இரண்டு பக்கமும் 150 நீட்டி, முனைகளை 100 மேலே மடியுங்கள். உள்பக்கம் ஃபிரேமுக்குப் பின்னால் 40 மி.மீ. மேலே மடிந்து நிற்கட்டும். உள்கல் 25 சாந்தும் 18 கனமுமாக வந்தால் அந்த மடிப்பு அதன் பின்னால் மறைந்துவிடும். அடிக் கிளிப்பின் திருகுகள் இந்த மடிப்பைத் துளைக்கும். துளைக்கிற இடத்தில் ஒரு துண்டு பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டி அதன் வழியாகத் திருகுங்கள்.

ஃபிரேமுக்கு அடியில் பிளாஸ்டிக் பேக்கர் வைத்து ரசமட்டம் பாருங்கள். மரச் சீவல் வேண்டாம், ஈரத்தில் ஊதும்.

#12 ரசமட்டம்
சீலன்ட் பற்றி: நியூட்ரல் க்யூர் சிலிகான் மட்டும். வினிகர் வாசம் அடிக்கிறது என்றால் அது அசிட்டிக், சிமென்ட்டில் ஒட்டாது, ஜிஐயை அரிக்கும். கிரானைட்டில் எண்ணெய்க் கறை விடும் ரகங்களும் உண்டு. கல்லுக்கு என்று எழுதியிருப்பதை வாங்கி, வெட்டிய துண்டு ஒன்றில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

10 மி.மீ. மூட்டுக்கு 13 மி.மீ. பேக்கர் ராட் (கயிறு மாதிரி ஃபோம்). அதை உள்ளே தள்ளிவிட்டு மேலே 6 மி.மீ. ஆழம் மட்டும் சிலிகான். 10 × 6 என்றால் 300 மி.லி. டியூப் 5 மீட்டர் வரும். உங்கள் ஜன்னலின் சுற்றளவு 5.1. சேதாரத்தோடு ஜன்னலுக்கு ஒன்றேகால். ராட் போடாமல் ஆழம் முழுக்க நிரப்பினால் செலவும் கூடும், பின்பக்கமும் ஒட்டிக்கொண்டு மூட்டு விரியும்போது நடுவில் கிழியும். இரண்டு பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும், மூன்றாவது பக்கம் ஒட்டக் கூடாது.

ஃபோம் குறைந்த விரிவு ரகம், சந்தின் பாதி ஆழம்தான். ஷட்டரைப் பூட்டி வைத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் ஃபிரேம் உள்பக்கம் பிதுங்கும்.

#13 மேற்குஅறை
லிண்டல்? மேஸ்திரி 12 இஞ்ச் அகலத்துக்கு ஒரே ஆர்சிசி லிண்டல், அதிலேயே இரண்டடி சன்ஷேட் என்கிறார்.

#14 தூக்குக்குண்டு
இரண்டு லிண்டல் தனித்தனியாக. 1200 ஓட்டைக்கு இரண்டு பக்கமும் 150 உட்கார்மானம் சேர்த்து 1500 நீளம். வெளிச்சுவருக்கு 100 × 150, உள்சுவருக்கு 150 × 150. எம்20 கான்கிரீட்டில் தரையிலேயே வார்த்து, பதப்படுத்தி ஏற்றலாம். வெளி லிண்டல் சுமார் 56 கிலோ, உள் லிண்டல் 84. வெளியதற்குக் கீழே இரண்டு 10 மி.மீ., மேலே இரண்டு 8 மி.மீ. கம்பி, 150க்கு ஒரு ரிங். உள் லிண்டல் ஸ்லாப் பாரம் வாங்குகிறது, அதன் கம்பியை உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். இங்கே எழுதுவதைப் பார்த்துப் போடாதீர்கள்.

சன்ஷேட் இடைவெளியைத் தாண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அது இரண்டு லிண்டல் மேலும் உட்கார்ந்து வெளியே நீளட்டும், சுவரோரம் 100 கனம், முனையில் 75. முக்கிய கம்பி மேல்பக்கம், 8 மி.மீ., 150க்கு ஒன்று, வால் உள் லிண்டலுக்கு மேல் முழுக்கப் போய் மடிய வேண்டும். வார்க்கும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி அடிக்கு இறங்கிவிடும். சன்ஷேட் முறிந்து விழும் கதையெல்லாம் அங்கேதான் ஆரம்பம். நாற்காலிக் கம்பி வைத்து மேலேயே நிறுத்துங்கள். மேலே சுவர் ஏறாமல் முட்டுக்கட்டைகளைக் கழற்றக் கூடாது, அதுவரை சன்ஷேட்டின் வாலை அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லை.

அதற்கு மேலே கேவிட்டி டிரே, அதாவது இடைவெளியில் வழியும் தண்ணீரை வெளியே திருப்பும் தட்டு. 450 அகல மெம்பிரேன். உள் விளிம்பு ஒரு பிளாக் வரிசை மேலே மூட்டுக்குள் 50 மி.மீ. சொருகி, இடைவெளியில் வெளிப்பக்கம் சரிந்து இறங்கி, சன்ஷேட் மேல் முதல் செங்கல் வரிசைக்கு அடியில் வெளியே வர வேண்டும். நீளம் லிண்டலின் முழு 1500, இரண்டு முனையும் மேலே மடித்து ஒட்டப்பட வேண்டும். முனை மடிக்காவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடி, ஜாம்பில் நீங்கள் பாடுபட்டு மூடிய இடத்திலேயே கொட்டும். அந்த முதல் வரிசையில் 450க்கு ஒரு செங்குத்து மூட்டைச் சாந்து போடாமல் விடுங்கள். 1500க்கு மூன்று அல்லது நான்கு துளை.

#15 செங்கல்சூளை
டிரே போட்டும் ஒழுகினால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மேலிருந்து விழுந்த சாந்து டிரே மேல் மலையாகக் கிடக்கும். 45 மி.மீ. ரீப்பர் ஒன்றுக்கு இரண்டு முனையிலும் கயிறு கட்டி இடைவெளியில் விட்டு வைத்து, ஒவ்வொரு டை வரிசைக்கும் மேலே தூக்கி வழித்து எடுக்கச் சொல்லுங்கள். அடி வரிசையில் மீட்டருக்கு ஒரு செங்கல்லைச் சாந்து இல்லாமல் வைத்து, தினமும் மாலை எடுத்துச் சுரண்டலாம். சுவர் முடிந்த பிறகு அடைத்துக்கொள்ளலாம்.

#16 அல்சூர்வாசி
சரி, ஒப்புக்கொள்கிறேன், பூசாத செங்கல்லுக்கு இது வேறு கணக்கு. ஒரு கேள்வி: பழைய வீட்டு வழிக்குச் சுவரை உடைக்கப் போகிறாரே, அதற்கு முட்டு, புது லிண்டல் எல்லாம்?

#17 தூக்குக்குண்டு
பழைய மேற்கு ஜன்னல் இருந்தால் அதையே வழியாக்குங்கள். அகலத்தை மாற்றாமல் சில்லுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் எடுத்தால் பழைய லிண்டலைத் தொடவே வேண்டாம், முட்டும் தேவையில்லை. 4 அடி ஜன்னல் என்றால் மூன்றரை அடிக் கதவுக்கு நிலையோடு சரியாக வரும். அகலப்படுத்த ஆரம்பித்தால் அது வேறு வேலை, வேறு செலவு.

கவனிக்க வேண்டியது வேறு இடம். புது வெளிச்சுவர் பழைய சுவரில் முட்டுகிற செங்குத்துக் கோட்டில், இடைவெளிக்கு நேராகப் பழைய சுவரில் 25 மி.மீ. ஆழ அறுப்பு போட்டு மெம்பிரேன் பட்டையைச் சொருகுங்கள். இல்லாவிட்டால் பழைய 9 இஞ்ச் சுவர் வழியாக ஈரம் சுற்றிக்கொண்டு வரும். ஸ்லாப் பழைய சுவரைத் தொடும் இடத்திலும், தளத்துக்கு 150 மேலே இதே மாதிரி ஒரு காடியும் பட்டையும்.

#18 மேற்குஅறை
புரிந்தது. ஜிகனி ஆர்டரை மாற்றிவிட்டேன்: வெளிக்கல் 210, உள்கல் 155. கிரில் எங்கே வைப்பது? கொசுவலையும் வேண்டும்.

#19 கண்ணாடிக்கதவு
ஷட்டர் வெளியே திறக்கும், அதற்கு உள்ளே கிரில், அதற்கும் உள்ளே வலை ஷட்டர் உள்பக்கம் திறக்கும். கிரிலை ஃபிரேமில் திருகச் சொல்லாதீர்கள், யுபிவிசிக்குள் தண்ணீர் ஓடும் அறையைத் துளைத்துவிடுவார்கள். 12 மி.மீ. சதுரக் கம்பி கிரிலை உள் பிளாக் ஜாம்பில் பிளக் போட்டு மாட்டுங்கள். ஜாம்பில் உங்களுக்கு 140 மி.மீ. ஆழம் இருக்கிறது. கைப்பிடிக்கு நேராக ஒரு கை போகும் அளவு கட்டம் விட மறக்காதீர்கள். மறந்துவிட்டால் பிறகு ஜன்னலைத் திறக்கவே கிரிலை அறுக்க வேண்டும். ஃபிரேமின் பாதுகாப்பு பிலிமைப் பொருத்திய கையோடு உரித்துவிடுங்கள், மேற்கு வெயிலில் சில மாதம் விட்டால் பசை ஒட்டிக்கொண்டு நகத்தால்தான் சுரண்ட வேண்டும்.

#20 ரசமட்டம்
உள்பூச்சு போடும் முன் தண்ணீர்ச் சோதனை. ஹோஸைக் கீழிருந்து மேலே கொண்டு போங்கள்: முதலில் சில் மட்டும் 10 நிமிடம், பிறகு ஒரு ஜாம்ப், பிறகு மறு ஜாம்ப், கடைசியில் சன்ஷேட்டுக்கு மேல் சுவர். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், ஒழுகினால் எங்கிருந்து என்று தெரியாது. கடைசிச் சோதனையில் சன்ஷேட் மேலுள்ள துளைகளில் தண்ணீர் வெளியே வர வேண்டும். வராவிட்டால் டிரே அடைத்திருக்கிறது அல்லது தலைகீழாகச் சரிந்திருக்கிறது.

#21 மேற்குஅறை
அந்தத் துளை வழியாக எறும்பும் குளவியும் குடி வராதா?

#22 செங்கல்சூளை
வரும். எஸ்எஸ் கொசுவலையை விரல் பருமனுக்குச் சுருட்டி, துளைக்குள் 20 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். பாயிண்டிங் போடுகிறவர் அதைக் குப்பை என்று நினைத்துச் சாந்து வைத்து மூடாமல், அன்றைக்கு மட்டும் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும்.